களத்து நெல்லும் ஸ்க்ராட்ச் ஃபைலும்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் க்ளஸ்டர்ல, அதாவது நிறைய கம்ப்யூட்டரை ஒண்ணா கோத்த பெரிய மெஷின்ல, ஜாப் போடறதை, கணக்கை ஸ்க்ரிப்ட்டா எழுதி வரிசையில குடுத்து ஓட்டறதைப் பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸாப் எல்லாத்துலயும் ஒரே பாட்டு. ஸ்க்ராட்ச் நிரம்பிருச்சு, ஸ்க்ராட்ச் காலியாயிருச்சு, ஸ்க்ராட்ச்சுன்னா என்ன. கணக்கு ஓடும்போது ஃபைலைத் தற்காலிகமா கொட்டி வைக்க அந்த மெஷின்ல எல்லாருக்கும் பொதுவா குடுக்கற இடம்தான் அது, இத்தனை நாளுக்கு மேல கிடந்தா தானா அழிச்சிரும். அதனால பிரிண்டர், மொபைல் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளியாச்சு, கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன், அப்படியே சம்பா அறுப்பு வந்துருச்சு, அப்பாவுக்கு ஒத்தாசையா இருந்துட்டு 40 நாள் கழிச்சு லாகின் பண்ணினா ஸ்க்ராட்ச்ல என் ஃபோல்டர் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. நாலு மாச ரிசல்ட் சார். அட்மினுக்கு மெயில் போட்டா "பாலிசி"ன்னு ஒத்தை வார்த்தையில பதில். திரும்ப எடுக்க வழி இருக்கா?
- ஆராய்ச்சி மாணவி, மன்னார்குடி

பதில்: இல்லம்மா. முதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா ரெகவரி சாஃப்ட்வேர் தேடிக்கிட்டு இன்னும் ரெண்டு வாரத்தைத் தொலைப்ப. லேப்டாப்ல அழிஞ்ச போட்டோவை மீட்கற சாமான் எதுவும் இங்க செல்லாது. பெரிய க்ளஸ்டர்ல ஸ்க்ராட்ச்சுங்கறது பெரும்பாலும் லஸ்டர் மாதிரி பேரலல் ஃபைல் சிஸ்டம்தான், உன்னோட ஒரு ஃபைலே துண்டு துண்டா பல சர்வர்ல கிடக்கும், அதே டிஸ்க்குல மத்தவங்க எல்லாம் ராத்திரி பகலா எழுதிக்கிட்டே இருப்பாங்க, அழிஞ்ச இடத்து மேல அடுத்த நிமிஷமே வேற யாராவது எழுதியிருப்பாங்க. பேக்கப்பும் கிடையாது. அது அட்மினோட சோம்பேறித்தனம்னு நினைக்காத, நித்தம் மாறிக்கிட்டே இருக்கற அத்தனை டெராபைட்டைக் காப்பி எடுத்து யாராலயும் மாளாது.

ஆனா கையை விரிக்கறதுக்கு முன்னாடி மெயில்ல ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்து பாரு. நிறைய சென்டர்ல அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட் அனுப்புவாங்க, சில இடத்துல உடனே அழிக்காம கொஞ்ச நாள் வேற ஃபோல்டர்ல ஒதுக்கி வச்சிருப்பாங்க, அது இருக்கான்னு மட்டும் தேதியைச் சொல்லி அட்மின்கிட்ட கேளு. இன்புட் ஃபைலும் ஜாப் ஸ்க்ரிப்டும் ஹோம் டைரக்டரியில இருந்தா பொழச்ச, ஹோமுக்குத்தான் வழக்கமா பேக்கப் உண்டு. அப்புறம் ஜாப்பை வரிசைப்படுத்தி ஓட்டற ஸ்லர்ம் இருக்கற மெஷினா இருந்தா பழைய ஜாப் கணக்கை எடுத்து எந்த ஜாப் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு கூட்டிப்பாரு. நாலு மாசம்னு நாம சொல்றதுல பாதிக்கு மேல க்யூவுல காத்துக்கிடந்ததும் இன்புட்ல தப்பு விட்டு மறுபடி போட்டதுமாத்தான் இருக்கும், இப்ப எந்த இன்புட் சரின்னு உனக்குத் தெரியும், சுத்தமா ஓடற நேரம் ரொம்பக் கம்மியா வரும். அந்தக் கணக்கோட கைடுகிட்ட போ, வெறுங்கையோட போயி அழாத.

அந்த ஒத்தை வார்த்தை பதிலுக்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நானும் அட்மினா இருந்து அப்படி எழுதினவன்தான்.

கேள்வி: அய்யா, என் மக இன்ஜினீயரிங் முடிச்சு மேல ஆராய்ச்சி பண்ணுது. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு "ஃபைலை மாத்தணும் ஃபைலை மாத்தணும்"னு கம்ப்யூட்டர்ல உக்காருது. மெஷினு எங்கயோ இருக்காம், இது வீட்லேருந்து பார்க்குதாம். அப்படி என்னங்க அது, நாளைக்குக் காலைல மாத்துனா ஆகாதா?
- விவசாயி, திருவாரூர் பக்கம்

பதில்: உங்களுக்குப் புரியாம வேற யாருக்குங்க புரியும். கொள்முதல் நிலையத்துல நெல்லை இறக்கி ஈரப்பதம் பார்த்து 40 கிலோ சிப்பமா புடிச்சு அட்டி போட்டு வைக்கிறாங்க, அது அங்கயே குடியிருக்க வந்த நெல்லா? லாரி வர்ற வரைக்கும் அந்த இடம், அவ்வளவுதான். லாரி வரலன்னா தார்ப்பாய் மேல தார்ப்பாய் போட்டு மானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும், அடுத்த ஆளு நெல்லோட டிராக்டர்ல ரோட்டுல வரிசையில நிக்கறான். உங்க மக சொல்ற ஸ்க்ராட்ச்சுங்கறது அதே களம்தான். கணக்குப் போடற மெஷின் வேகமா வாரிக் கொட்டறதுக்கு ஒரு பெரிய மைதானம், கணக்கு முடிஞ்சதும் அவங்கவங்க அள்ளிக்கிட்டுப் போயி அவங்கவங்க பத்தாயத்துல போட்டுக்கணும், இத்தனை நாளுக்கு மேல கிடந்தா மெஷினே கூட்டித் தள்ளிரும், யாரு நெல்லுன்னெல்லாம் கேக்காது.

மெஷின் எங்கயோ இருக்கறதும் நிஜம்தான். நம்ம பக்கத்துல திருச்சி என்ஐடியிலயே தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துல "பரம் பொருள்"னு ஒண்ணு இருக்கு, 2022 மே மாசம் தொடங்கி வச்சாங்க, 838 டெராஃப்ளாப்ஸ். ஒரு டெராஃப்ளாப்ஸ்னா ஒரு செகண்டுக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு, அதுல 838 மடங்கு. இந்த மாதிரி மெஷின்ல நூத்துக்கணக்கான பிள்ளைங்க ஒரே நேரத்துல வேலை பார்க்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கறதுக்குக் காரணம் அந்த நேரத்துல நெட்டு வேகமா இருக்கும், கூட்டம் கம்மி. ஆனா அலாரம் வச்சு எந்திரிக்கத் தேவையில்ல, அந்த வேலையை ஜாப் ஸ்க்ரிப்ட்லயே கடைசி வரியா எழுதிடலாம், கீழ பட்டுக்கோட்டைத் தம்பிக்குச் சொல்லியிருக்கேன், இந்தப் பக்கத்தை மககிட்ட காட்டுங்க. தூங்கட்டும் பிள்ளை.

கேள்வி: அண்ணே, ஹோம்ல இடம் பத்தலன்னு கோண்டா என்விரான்மென்ட்டை ஸ்க்ராட்ச்ல போட்டேன். ரெண்டு மாசம் நல்லா ஓடிச்சு, தினமும்தான் யூஸ் பண்றேன், இப்ப திடீர்னு அந்த மாட்யூல் இல்ல இந்த மாட்யூல் இல்லன்னு பைதான் கத்துது. அழிச்சிருந்தா மொத்தமா அழிச்சிருக்கணும்ல? வைரஸா?
- தஞ்சாவூர் தம்பி

பதில்: வைரஸ் இல்ல, எலி கடிச்ச மூட்டை. க்ளீன் பண்ற ஸ்க்ரிப்ட் ஃபோல்டரைப் பார்க்காது, ஒவ்வொரு ஃபைலா தேதியைத்தான் பார்க்கும். கோண்டா என்விரான்மென்ட்டுங்கறது பைதானும் அதுக்கு வேண்டிய பேக்கேஜும் சேர்ந்த ஒரு ஃபோல்டர், அதுல பல்லாயிரம் ஃபைல் இருக்கும், நீ தினம் ஓட்டறது அதுல கொஞ்சத்தைத்தான் தொடும், தொடாத ஃபைலுக்கெல்லாம் நாள் எண்ணிக்கிட்டே இருந்து போயிருச்சு. இதுல இன்னொரு கூத்து, பேக்கேஜைப் பிரிச்சு வைக்கும்போது ஃபைல் பழைய தேதியோடயே வந்து உக்காரும், அதாவது அதைத் தயார் பண்ணவன் என்னைக்கு உருவாக்கினானோ அந்தத் தேதி. கடைசியா மாத்தின தேதியை வச்சு அழிக்கற சென்டரா இருந்தா நேத்து இன்ஸ்டால் பண்ணதே மூணு வருஷப் பழசுன்னு இன்னைக்கு ராத்திரி போயிரும். பல ஃபைலை ஒண்ணா கட்டின டார் ஃபைலைப் பிரிச்சாலும், தேதியை அப்படியே வச்சுக்கற ஆப்ஷனோட ஆர்சிங்க் கமாண்ட்ல காப்பி பண்ணாலும் இதே கதைதான். அதனால உங்க சென்டர் கடைசியா தொட்ட தேதியைப் பார்க்குதா, மாத்தின தேதியைப் பார்க்குதான்னு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்க.

என்விரான்மென்ட்டை ப்ராஜெக்ட் ஸ்பேஸ் குடுத்திருந்தா அங்க போடு, இல்லன்னா அப்டெய்னர் மாதிரி கன்டெய்னரா ஒரே ஃபைலா கட்டி வச்சுக்க, தொட்ட தேதியைப் பார்க்கற சென்டர்னா, ஒரு ஃபைல்ங்கறதால ஓட்டும்போதெல்லாம் மொத்தமா தொட்ட மாதிரி ஆயிரும். எது செஞ்சாலும் என்விரான்மென்ட் லிஸ்ட்டை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி ஹோம்ல வை, போனாலும் ஒரு மணி நேரத்துல திரும்பக் கட்டிடலாம்.

கேள்வி: தினமும் ராத்திரி எல்லா ஃபைலையும் டச் கமாண்ட் போட்டு தேதியைப் புதுப்பிச்சிட்டா அழியாதுல்ல? குறிச்ச நேரத்துல தானா ஓட்டற கிரான்ல போட்டுடலாமா?
- பேர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: பேர் வேண்டாம்னு எழுதும்போதே உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அழியாது, ஆனா மாட்டிப்பீங்க. பல சென்டர்ல இதைத் தடைன்னு விதியிலயே எழுதி வச்சிருக்காங்க, லட்சம் ஃபைலுக்கு ஒரே செகண்ட்ல ஒரே தேதி இருந்தா கண்டுபிடிக்க பெரிய மூளையும் வேண்டாம். நிஜமாவே டைம் வேணும்னா பேப்பர் ரிவிஷன் நடக்குது, இன்ன தேதி வரைக்கும் வேணும்னு காரணத்தோட மெயில் போடுங்க, கேட்டா குடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

கேள்வி: வணக்கம் சார். குவான்டம் கெமிஸ்ட்ரி கணக்கு ஓட்டறேன். ஆறு மணி நேரம் ஓடிட்டு "டிவைஸ்ல இடமில்ல"ன்னு செத்துப்போகுது. டிஎஃப் போட்டுப் பார்த்தா ஸ்க்ராட்ச்ல நூறு டெராபைட்டுக்கு மேல ஃப்ரீன்னு காட்டுது. பொய் சொல்றது யாரு?
- உதவிப் பேராசிரியர், மயிலாடுதுறை

பதில்: யாரும் பொய் சொல்லல சார், நீங்க பார்த்தது ஒரு இடம், புரோக்ராம் எழுதினது வேற இடம். பத்துக்கு ஏழு தடவை இதுதான். நீங்க ஒண்ணும் சொல்லலன்னா புரோக்ராம் தன்னோட தற்காலிக ஃபைலை அந்த நோடோட, அதாவது க்ளஸ்டர்ல அந்தக் கணக்கு ஓடற ஒத்தை மெஷினோட, ஸ்லாஷ் டெம்ப் (/tmp) ஃபோல்டர்ல கொண்டுபோய்க் கொட்டும். நிறைய க்ளஸ்டர்ல கம்ப்யூட் நோடுக்கு டிஸ்க்கே கிடையாது, அங்க ஸ்லாஷ் டெம்ப்புங்கறது மெமரியிலேருந்து வெட்டி எடுத்த துண்டு. டெவ் எஸ்ஹெச்எம்னு (/dev/shm) ஒண்ணு இருக்கே, அதுவும் மெமரிதான், லினக்ஸ்ல வழக்கமா மொத்த ராம்ல பாதி வரைக்கும் விடும். அங்க நீங்க எழுத எழுத உங்க கணக்குக்கே மெமரி குறையும், அதனால சில சமயம் இடமில்லன்னு வராது, மெமரி பத்தலன்னு கொன்னுட்டுப் போயிரும், நாம புரோக்ராமைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

அதனால ஜாப் ஸ்க்ரிப்ட்ல ஜாப் நம்பரை வச்சு ஸ்க்ராட்ச்ல ஒரு ஃபோல்டர் உண்டாக்கி டிஎம்பிடிஐஆர் (TMPDIR) வேரியபிளை அதுக்குத் திருப்பி விடுங்க. பைதானும், வரிசைப்படுத்தற சார்ட் (sort) கமாண்டும் அதை மதிக்கும். காஸியன் ஓட்டறீங்கன்னா அதுக்குத் தனி வேரியபிள், காஸ் எஸ்சிஆர்டிஐஆர் (GAUSS_SCRDIR), அதைத் திருப்பணும். ஜாவா இருக்கே, அது நீங்க டிஎம்பிடிஐஆர் குடுத்தாலும் காதுல வாங்காது, லினக்ஸ்ல நேரா ஸ்லாஷ் டெம்ப்புக்கே போகும், அதுக்கு ஜாவா ஐஓ டெம்ப்டிர்னு (java.io.tmpdir) தனியா ஆப்ஷன் குடுக்கணும். இதுல நான் ஒரு தடவை ரெண்டு நாள் முழிச்சிருக்கேன்.

இதெல்லாம் சரியா இருந்தும் செத்தா, உங்க கோட்டாவைப் பாருங்க. டிஎஃப் காட்டறது ஊர் ஏரி, உங்களுக்கு விட்டது ஒரு மடை. கோட்டாவுல ரெண்டு கணக்கு இருக்கும், எத்தனை டெராபைட்டுன்னு ஒண்ணு, எத்தனை ஃபைலுன்னு ஒண்ணு, ரெண்டுல எது நிரம்பினாலும் எழுத விடாது, எரர் பெரும்பாலும் "கோட்டா தாண்டிருச்சு"ன்னு வரும், ரெண்டாவது நிரம்பினா ஒரு பைட் ஃபைலைக்கூட உண்டாக்க விடாது. அதுவும் சரின்னா லஸ்டர்ல ஒரு விஷயம், உங்க ஃபைல் எத்தனை டார்கெட்ல, அதாவது டேட்டா வைக்கற எத்தனை டிஸ்க் தொகுப்புல, பிரியணும்னு ஸ்ட்ரைப் கவுன்ட் ஒண்ணு இருக்கும், அது ஒண்ணுன்னு இருந்தா முழு ஃபைலும் ஒரே டார்கெட்ல போய் உக்காரும், அந்த ஒண்ணு நிரம்பினா மத்தது எல்லாம் காலியா கிடந்தாலும் இடமில்லன்னுதான் சொல்லும். எல்எஃப்எஸ் டிஎஃப் போட்டா டார்கெட் வாரியா காட்டும். பெரிய ஃபைல் எழுதற ஃபோல்டருக்கு மட்டும் ஸ்ட்ரைப்பைக் கூட்டி வைங்க, சின்ன ஃபைலுக்கு வேண்டாம், அதுக்கு அது பாரம்.

கடைசியா ஒண்ணு, ஃபைலை அழிச்சிட்டேன் ஆனா இடம் திரும்ப வரலன்னு சொல்றவங்களுக்கு. அந்த ஃபைலை ஏதோ ஒரு புரோக்ராம் இன்னும் திறந்து வச்சிருக்கும், அது மூடற வரைக்கும் பேர் போயிருக்கும், இடம் போகாது. செத்த ஜாப்போட மிச்சம் எதாவது நோடுல ஓடிக்கிட்டிருக்கான்னு பாருங்க.

கேள்வி: ஒரு ஜாப்புக்கு 20 லட்சம் குட்டி குட்டி ஃபைல் உண்டாகுது. ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு எல்எஸ் போட்டா டீ குடிச்சிட்டு வந்தாலும் முடியல. நேத்து அட்மின் ஃபோன் பண்ணி "உங்களால எல்லாருக்கும் ஸ்லோ ஆகுது"ன்னு திட்டறாரு. மொத்தமே 8 ஜிபிதான் சார், அதுல என்ன ஸ்லோ?
- பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் மாணவர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, நாகப்பட்டினத்துலேருந்து எழுதறீங்க, உங்களுக்கு நான் கடைமடைன்னா என்னன்னு சொல்லணுமா. தலைமடைக்காரன் வாய்க்கால்ல முட்டுக்கட்டை போட்டா ஜூன் 12 மேட்டூர் திறந்து என்ன பிரயோஜனம், வேளாங்கண்ணி பக்கம் வயல் காஞ்சுதான் கிடக்கும். இங்க தலைமடையில நிக்கறது நீங்க.

லஸ்டர்ல டேட்டா வைக்கிற சர்வர் நிறைய இருக்கும், ஆனா எந்தப் பேருல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்குப்பிள்ளை வேலை பார்க்கற மெட்டாடேட்டா சர்வர் ரொம்பக் கொஞ்சம், சில இடத்துல ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு ஃபைலைத் திறக்கவும் மூடவும் அழிக்கவும் அவருகிட்டதான் போகணும். ஒரு 8 ஜிபி ஃபைலுக்கு ஒரு தடவை போனா போதும், நீங்க 20 லட்சம் தடவை போறீங்க, பின்னாடி மொத்த யூனிவர்சிட்டியும் வரிசையில நிக்குது. எல்எஸ் ஏன் இழுக்குதுன்னா, கலர் காட்டறதுக்காக ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா விசாரிக்குது, நீளமா லிஸ்ட் கேட்டா சைஸ் தெரிஞ்சுக்க டேட்டா சர்வருக்கும் போயிட்டு வருது. கலரும் வரிசைப்படுத்தறதும் இல்லாம எல்எஸ் மைனஸ் எஃப்னு போடுங்க, சின்ன எஃப், வந்துரும்.

வைத்தியம் என்னன்னா, நோடுலயே லோக்கல் எஸ்எஸ்டி இருந்தா இந்தக் குட்டி ஃபைல் வேலை மொத்தத்தையும் அதுல நடத்துங்க, முடிஞ்சதும் ஒரே டார் ஃபைலா கட்டி அந்த ஒண்ணை மட்டும் ஸ்க்ராட்ச்சுக்குக் கொண்டுவாங்க. இன்புட்டும் அப்படித்தான், ஒரே டாரா கொண்டுபோய் நோடுல பிரிங்க. புரோக்ராமை மாத்த முடிஞ்சா ஹெச்டிஎஃப்5 மாதிரி ஒரே ஃபைலுக்குள்ள எழுதுங்க. ஏற்கனவே இருக்கற 20 லட்சத்தை அழிக்கறதையும் நாலு ஜாப்பா பிரிச்சு ஒரே நேரத்துல போட்டு இன்னொரு ஃபோன் வாங்கிக்காதீங்க, ராத்திரி ஒண்ணா நிதானமா ஓடட்டும்.

கேள்வி: ஜாப் முடிஞ்சதும் டெம்ப் ஃபோல்டரை தானா அழிக்க ஸ்க்ரிப்ட் எழுதியிருக்கேன், ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போட்டு. சில ஜாப் முடியும்போது அழிக்குது, சிலது அழிக்கல. ரெண்டு ஜாப் சேர்ந்து ஓடினா ஒண்ணோட ஃபைலை இன்னொண்ணு அழிக்குது. ஏன்?
- எம்.டெக். மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: கடைசியிலேருந்து வர்றேன். ரெண்டு ஜாப்பும் ஒரே பேருல ஃபோல்டர் வச்சா அப்படித்தான் ஆகும், தம்பியும் அண்ணனும் ஒரே சாக்குல நெல்லைக் கொட்டிட்டு பிரிக்கச் சொன்ன கதை. ஜாப் நம்பரைப் பேருல சேருங்க, ஒரே ஸ்க்ரிப்ட்டைப் பல தடவை ஓட்டற அர்ரே ஜாப்னா டாஸ்க் நம்பரையும் சேருங்க. இல்லன்னா எம்கே டெம்ப் மைனஸ் டி போடுங்க, யாருக்கும் இல்லாத பேரா பார்த்து உண்டாக்கி உங்களைத் தவிர யாரும் உள்ள வர முடியாதபடி பூட்டியும் குடுக்கும்.

சிலது அழிக்காததுக்குக் காரணம், அழிக்கற வரியை ஸ்க்ரிப்ட்டோட கடைசியில எழுதியிருப்பீங்க, டைம் முடிஞ்சு ஸ்லர்ம் கொன்னா கடைசி வரி வரைக்கும் வராது. அதை ட்ராப் கமாண்ட்ல எக்ஸிட்டுக்குக் கட்டி வைங்க, ஸ்க்ரிப்ட் வெளியேறும்போது அது ஓடும். ஆனா ட்ராப்பும் முழு காவல் இல்ல. டைம் முடிஞ்சா ஸ்லர்ம் முதல்ல முடிச்சுக்கோன்னு ஒரு சிக்னல் அனுப்பும், மாத்தாம வச்சிருந்தா 30 செகண்ட் கழிச்சு நேரா கில், அந்த ரெண்டாவதை எந்த ட்ராப்பும் பிடிக்காது. போதாக்குறைக்கு ஸ்க்ரிப்ட்டை ஓட்டற பாஷ் ஒரு புரோக்ராமை முன்னாடி ஓட்டிக்கிட்டிருந்தா அது முடிஞ்சப்புறம்தான் ட்ராப்பைத் தொடும். அதனால ஜாப் போடும்போதே டைம் முடியறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி பேட்ச் ஸ்க்ரிப்ட்டுக்கு சிக்னல் குடுன்னு கேளுங்க, புரோக்ராமை பின்னாடி ஓட விட்டு வெயிட் போடுங்க. சிக்னல் வந்ததும் முதல் வேலை ரிசல்ட்டையும், விட்ட இடத்துலேருந்து தொடர உதவற செக்பாயிண்ட் ஃபைலையும் அள்ளறது, அழிக்கறது அதுக்கப்புறம். திருவாரூர் அய்யாவோட மகளுக்கும் இதுதான், சிக்னல் இல்லாட்டியும் ஸ்க்ரிப்ட் கடைசியில காப்பி பண்ற வரியை எழுதிட்டா அலாரம் வேண்டாம்.

இப்ப நீங்க கேக்காத விஷயம். ஆர்எம் மைனஸ் ஆர்எஃப், அதுக்குப் பக்கத்துல ஒரு வேரியபிள், அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்லாஷ், அந்த வேரியபிள் ஏதோ காரணத்துல காலியா இருந்தா? பேருக்குப் பதிலா வெறும் ஸ்லாஷ் நிக்கும். 2021 டிசம்பர்ல கியோட்டோ யூனிவர்சிட்டி சூப்பர் கம்ப்யூட்டர்ல நடந்தது இந்த வம்சம்தான். பேக்கப் ஸ்க்ரிப்ட்டுக்குள்ள பழைய லாக் ஃபைலை அழிக்கற ஒரு சின்ன பகுதி, ஸ்க்ரிப்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே அதுமேல புது வெர்ஷனைப் போட்டுட்டாங்க. பாஷ் ஸ்க்ரிப்ட்டை மொத்தமா படிச்சு வச்சுக்காது, ஓட ஓடத்தான் படிக்கும், அதனால பாதியில புது ஸ்க்ரிப்ட்டுக்குள்ள புகுந்துருச்சு, அங்க வேண்டிய வேரியபிள் எதுக்கும் மதிப்பு இல்ல, லாக்கை அழிக்க வேண்டியது ஸ்டோரேஜையே அழிச்சுது. சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல், 14 ஆராய்ச்சிக் குழு, அதுல 4 குழுவோடதை பேக்கப்லேருந்தும் எடுக்க முடியல. எழுதினவங்க கத்துக்குட்டிங்க இல்ல தம்பி, சிஸ்டத்தைப் பராமரிக்கறவங்க.

ஸ்க்ரிப்ட் தலையில செட் மைனஸ் யு போடுங்க, மதிப்பு இல்லாத வேரியபிளைப் பார்த்தா அங்கயே நின்னுரும். அழிக்கற வரியில வேரியபிளுக்குப் பின்னாடி கோலன், கேள்விக்குறி சேர்த்து எழுதற முறை இருக்கு, காலியா இருந்தாலும் நிறுத்திரும். ஓடற ஸ்க்ரிப்ட்டைத் திறந்து திருத்தாதீங்க, புதுப் பேருல காப்பி எடுத்துத் திருத்துங்க.

கேள்வி: அடுத்த வெள்ளிக்கிழமையோட ரிலீவ் ஆகறேன், சென்னையில வேலை. ஸ்க்ராட்ச்ல 3 டெராபைட் இருக்கு. ஜூனியர் பேருக்கு ஓனர்ஷிப் மாத்திக் குடுத்துட்டுப் போயிடலாமா, இல்ல வீட்டுக்கு இறக்கிக்கலாமா?
- ஆராய்ச்சி மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: வாழ்த்துக்கள். ஓனர்ஷிப்பை நீங்களே மாத்த முடியாது, அட்மின்தான் செய்யணும். அதை விட சுலபம், ஜூனியருக்குப் படிக்கற பர்மிஷன் குடுங்க, அவரு தன் கோட்டாவுக்குத் தானே காப்பி பண்ணிக்கட்டும், அப்ப ஓனர் அவரு ஆயிருவாரு. மூவ் பண்ண வேண்டாம், பழைய ஓனரும் பழைய குரூப்பும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும், அப்புறம் யாரு கோட்டாவுல ஏறுதுன்னு தெரியாம அடிச்சுப்பீங்க.

வீட்டுக்கு இறக்கற கதை வேண்டாம். வீட்டு கனெக்‌ஷன் 100 எம்பிபிஎஸ்னா, அது ஒரு நிமிஷம்கூட தொய்யாம முழு வேகத்துல வந்தாலும் 3 டெராபைட்டுக்கு 67 மணி நேரம் ஆகும், நம்ம ஊர்ல மழை வந்தா கரண்டு நிக்குமான்னு உங்களுக்கே தெரியும். கேம்பஸ்க்குள்ள ஒரு ஜிகாபிட் லைன்ல ஏழு மணி நேரத்துக்குள்ள ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துரும். அதுக்கும் முன்னாடி டியு போட்டு எந்த ஃபோல்டர் பெருசுன்னு பாருங்க, பெரும்பாலும் முக்கால்வாசி இடைக்கணக்கு ஃபைலாத்தான் இருக்கும், திரும்ப ஓட்டினா வந்துரும், அதைத் தூக்க வேண்டாம். மிச்சத்துக்கு, ஃபைலோட கைரேகை மாதிரியான செக்சம் எடுத்து ரெண்டு பக்கமும் ஒத்துப்பார்த்துட்டு அப்புறம் அழிங்க. வெள்ளிக்கிழமைன்னு சொல்றீங்க, ஐடி சாயங்காலம் வரைக்கும் இருக்குமா காலையிலயே லாக் பண்ணிருவாங்களான்னு ஆபீஸ்ல இன்னைக்கே கேட்டுக்கங்க.